தவணை முடிந்தது, இந்தப் பாடம் முடியவில்லை



ஒரு வழியாகப் பள்ளித் தவணை முடிந்துவிட்டது. எங்கள் தாமானில் இந்த மாதம் நல்ல செய்திகளுக்குக் குறைவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விடைகொடுக்கும் நிகழ்ச்சி நடந்தது. எப்போதும் போல பிள்ளைகளைவிட டீச்சர்கள்தான் அதிகம் அழுதார்கள். கோயில் மண்டபத்தில் ஞாயிறு சமய வகுப்பின் ஆண்டு நிறைவும் சிறப்பாக முடிந்தது. நம் கிளை நடத்தும் டியூஷன் வகுப்பில் கணிதத்தில் தடுமாறிய மூன்று பேர் இந்த முறை தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள். அவர்களுக்கு என் வாழ்த்துகள்.

ஆனால் இந்தக் கட்டுரைக்கு என்னை உட்கார வைத்தது இந்தச் செய்திகள் இல்லை. தவணையின் கடைசி வாரத்தில் இடைநிலைப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடந்தது. சித்தப்பாவுக்கு வேலை இருந்ததால், சித்திக்குத் துணையாக நான் போனேன். சித்தி மகன், என் தம்பி, அங்கேதான் படிவம் 3 படிக்கிறான்.

கூட்டத்தின் நடுவில் கட்டொழுங்கு ஆசிரியர் ஒரு பிஸ்கட் டின்னை மேசையில் கவிழ்த்தார். பேனா மாதிரி சில, பென்டிரைவ் மாதிரி சில, பொம்மை மாதிரி இரண்டு, குளிர்பான டின் மாதிரி ஒன்று. எல்லாமே இந்தத் தவணையில் மாணவர்களிடமிருந்து பிடித்த வேப். "இதில் எத்தனை உங்கள் வீட்டில் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். மண்டபத்தில் சத்தமே இல்லை. சித்தி மட்டும் என் காதருகே, "அந்த மஞ்சளு ஹைலைட்டர் மாதிரி ஒன்னு அவன் பென்சில் பாக்ஸ்ல இருந்துச்சே…" என்றார்.

நான் அந்த மஞ்சளைப் பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் கிடந்த நீல நிற வேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் இடுப்பில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. அந்த டேப்பைச் சுற்றியது நான்.

நடந்தது இதுதான். நான் மின்னியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு. வீட்டில் ஃபேன், ரைஸ் குக்கர் எது கெட்டாலும் என்னிடம்தான் வரும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை தம்பி அந்த நீல வேப்பைக் கொண்டுவந்தான். "அக்கா, ஃப்ரெண்டோடது. சார்ஜ் ஏற மாட்டேங்குது, பார்க்கிறீங்களா?" அது என்ன என்று எனக்கு நன்றாகவே தெரியும். 'ஃப்ரெண்டோடது' என்பதை நம்புவது வசதியாக இருந்தது, நம்பிக்கொண்டேன். திறந்தேன், மல்டிமீட்டர் வைத்தேன். ஒரு கம்பி விட்டுப் போயிருந்தது. பற்றவைத்து, டேப் சுற்றிக் கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை. "அக்கா பயங்கரம்!" என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நான் செய்யத் தவறியது ஒன்று உண்டு. கருவியைத் திறந்த நான், அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று சொல்லாததை இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். ஆளுக்கொரு முறை மனதிற்குள் இந்தக் கருவியைத் திறந்து பார்ப்போம்.

முதல் பாகம்: கருவி

உள்ளே நான்கு பொருள்கள்தாம். ஒரு லித்தியம் பேட்டரி, காற்று இழுப்பதை உணரும் ஒரு சிறு சென்சார், ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றி நீர்மத்தில் ஊறிய பஞ்சு. வாயில் வைத்து இழுத்தால் சென்சார் சுற்றை மூடும், சுருள் சூடாகும், பஞ்சிலுள்ள நீர்மம் ஆவியாகும். இன்று நாம் காணும் வேப்புக்கு 2003-இல் வடிவம் கொடுத்தவர் ஹான் லிக் என்னும் சீன மருந்தாளுநர்.

படிவம் 3 அறிவியல் போதும், கணக்குப் போடலாம். பேட்டரி 3.7 வோல்ட். சுருளின் மின்தடை 1.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் சுமார் 11 வாட். நம் வீட்டு சாமி அறையில் எரியும் எல்.இ.டி. பல்பின் அளவு மின்சாரம், அரிசி மணி அளவே உள்ள சுருளில் இறங்குகிறது. அதனால்தான் ஒரு நொடியில் 200 டிகிரியை எட்டுகிறது.

"வெறும் தண்ணி ஆவிதானே?" என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இந்த நீர்மத்தின் முக்கியப் பகுதி புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு. முன்னது 188 டிகிரியிலும் பின்னது 290 டிகிரியிலும் கொதிப்பவை. நீங்கள் காணும் வெள்ளைப் புகை, இந்த இரண்டும் குளிர்ந்து உருவான நுண்துளிகள். பஞ்சு காய்ந்துபோய்ச் சுருள் அளவுக்கு மீறிச் சூடானால் கிளிசரின் சிதையும். அப்போது ஃபார்மல்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் பிறக்கும். சுருளின் நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் ஆவியோடு கலந்து வருவதை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

மாம்பழம், திராட்சை, பபிள்கம் சுவைகள் எப்படி? "சாப்பாட்டில் போடும் ஃபிளேவர்தான், பயமில்லை" என்பார்கள். சாப்பிட்டால் வயிற்றுக்குப் போகிறது. வயிற்றுக்கு அமிலம் இருக்கிறது, பிறகு கல்லீரல் இருக்கிறது. நுரையீரலுக்கு அந்தக் காவல் இல்லை. வெண்ணெய் வாசனை தரும் டையாசிட்டில் என்ற பொருள் உணவில் சேர்ப்பதுதான். ஆனால் அமெரிக்காவில் பாப்கார்ன் ஆலைகளில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிப்போயின. தின்னலாம் என்பதால் சுவாசிக்கலாம் என்று ஆகிவிடாது.

இரண்டாம் பாகம்: ஐந்து சதவீதம்

தம்பியின் வேப் பெட்டியில் இரண்டு எண்கள் இருந்தன. 10 மில்லிலிட்டர், 5 சதவீதம். ஐந்து என்பது சின்ன எண்ணாகத்தான் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 5 சதவீதம் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 50 மில்லிகிராம் நிக்கோட்டின். ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே 20 மில்லிகிராம்தான். பத்து மில்லிலிட்டருக்கு மொத்தம் 500 மில்லிகிராம்.

ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் போகும் நிக்கோட்டின் சுமார் 1 முதல் 1.5 மில்லிகிராம். வேப்பில் இருப்பது முழுதும் உடம்பில் ஏறாது. கணக்குக்காகப் பாதி, 250 மில்லிகிராம் என்று வைப்போம். அப்போதும் குறைந்தது 160 சிகரெட்டுக்குச் சமம். இருபது குச்சிப் பெட்டியில் எட்டு பெட்டி. தம்பி அதை இரண்டு வாரத்தில் முடிப்பானாம். நாளுக்கு 11 சிகரெட்! பதினைந்து வயதுப் பையன் சாமி அறைக்கு அடுத்த அறையில் தினம் 11 சிகரெட் பிடித்தால் எங்கள் வீடு சும்மா இருக்குமா? வாசனை மாம்பழமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இவ்வளவு நிக்கோட்டினைத் தொண்டை எப்படித் தாங்குகிறது? அங்கேதான் வேதியியல். சாதாரண நிக்கோட்டின் காரத்தன்மை கொண்டது, அதிகம் இழுத்தால் தொண்டை எரியும், இருமல் வரும். அந்த இருமல் உடம்பு போடும் வேலி. பென்சாயிக் அமிலம் சேர்த்து அதை நிக்கோட்டின் உப்பாக மாற்றினால் எரிச்சல் குறைந்துவிடும். கடையில் 'சால்ட் நிக்' என்கிறார்களே, அது இதுதான். புகையே பிடித்தறியாத பிள்ளையும் முதல் நாளே இருமாமல் இழுக்க முடிகிறது. வேலியைப் பிடுங்கி வைத்துவிட்டு, 'பாருங்க, எவ்வளவு மிருதுவா இருக்கு' என்று விற்கிறார்கள்.

மூன்றாம் பாகம்: கள்ளச் சாவி

இழுத்த 10 முதல் 20 நொடிக்குள் நிக்கோட்டின் மூளையை அடைகிறது. அசிட்டைல்கோலின் என்ற தூதுப்பொருளுக்காக மூளை வைத்திருக்கும் பூட்டுகளில் இது கள்ளச் சாவி போல நுழைகிறது. டோபமைன் சுரக்கிறது, ஒரு சந்தோஷம். அடிக்கடி வந்தால் மூளை அந்தப் பூட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. பூட்டுகள் காலியாக இருந்தால் எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல். நம் மூளை முழுமையாக வளர்ந்து முடிய சுமார் 25 வயது ஆகிறது. வளரும் மூளை சீக்கிரம் பழகும், பழகியதை லேசில் விடாது.

உடம்பில் நிக்கோட்டின் பாதியாகக் குறைய சுமார் 2 மணி நேரம். காலை 7 மணிக்கு இழுத்தவனுக்கு 9 மணிக்குப் பாதி, 11 மணிக்குக் கால் பங்கு. அதாவது வகுப்பு நடக்கும்போதே மூளை கேட்க ஆரம்பித்துவிடும். ஆசிரியர் 'கவனமில்லாத பையன்' என்கிறார். அம்மா 'வரவர கோபக்காரனாயிட்டான்' என்கிறார். அவனோ 'இதை இழுத்தால்தான் டென்ஷன் போகுது' என்கிறான். டென்ஷனைக் கொண்டுவந்ததே அதுதான் என்று அவனுக்குத் தெரியாது.

சமய வகுப்பின் ஆண்டு நிறைவில் தம்பி தேவாரம் பாடினான். சின்ன வயதிலிருந்தே நல்ல குரல். இந்த முறை ஒரு அடியை முடிக்குமுன் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினான். ஓதுவார் ஐயா, "மகரக்கட்டு, சரியாயிடும்" என்றார். நானும் தலையாட்டினேன்.

நான்காம் பாகம்: எப்படி இவ்வளவு பரவியது?

சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி 13 முதல் 17 வயது மாணவர்களில் வேப் பிடிப்பவர்கள் 2017-இல் 9.8 சதவீதம். 2022-இல் 14.9 சதவீதம். 35 பேர் உள்ள வகுப்பில் ஐந்து பேர். 'பையன்கள் பிரச்சினை' என்று நினைக்கும் தங்கைகளுக்கும் ஒரு கணக்கு: பெண்பிள்ளைகளில் அது 2.7-இலிருந்து 6.2 சதவீதமாக ஏறியது. அதே ஐந்து ஆண்டுகளில் மாணவர்களிடையே சிகரெட் பழக்கம் 13.8-இலிருந்து 6.2 சதவீதமாகக் குறைந்தது. 'பரவாயில்லையே' என்று தோன்றும். ஆனால் ஒரு வாசலை மூடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வாசல் திறந்துவிட்டது.

தம்பி படிவம் 1-இல் சேர்ந்தது 2023 மார்ச். அதே மாதம் 31-ஆம் தேதி, வரி விதிப்பதற்காக, நீர்ம நிக்கோட்டின் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வயது வரம்பு வைக்கும் புதிய சட்டம் அப்போது இன்னும் வரவில்லை. 2007-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் புகைப்பொருளை அடியோடு தடுக்கும் 'தலைமுறை முடிவு' விதியும் மசோதாவிலிருந்து கைவிடப்பட்டது. பொதுச் சுகாதாரத்துக்கான புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 852, அமலுக்கு வந்தது 2024 அக்டோபர் 1-இல். இன்று 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு வேப் விற்பது குற்றம், இணையத்தில் விற்பதும் குற்றம். நல்லதுதான். ஆனால் இடைப்பட்ட அந்த 18 மாதம் தம்பியின் 13, 14 வயது. அவன் வகுப்பறையில் பழக்கம் வேர் பிடித்தது அப்போதுதான்.

சிங்கப்பூர் வாசகர்கள் 'எங்க ஊர்ல இந்தப் பேச்சே இல்லை' என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். அங்கே வேப் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 பிப்ரவரியிலிருந்து குற்றம். அப்படியும் எட்டோமிடேட் கலந்த 'கேபாட்' நுழைந்துவிட்டது. எட்டோமிடேட் என்பது மருத்துவமனையில் மயக்கம் கொடுக்கும் மருந்து. 2025 செப்டம்பர் 1-இல் அதைப் போதைப்பொருள் சட்டத்தில் 'சி' பிரிவில் சேர்த்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாத நீர்மத்தை நம் பிள்ளைகள் இழுக்கிறார்கள் என்பதுதான் இரண்டு ஊருக்கும் பொதுவான பயம்.

ஐந்தாம் பாகம்: அந்த இரவு

கூட்டத்துக்குத் திரும்புகிறேன். அந்த நீல வேப் தம்பியிடம் பிடிபடவில்லை. ரீசெஸ் நேரத்தில் அவன் வகுப்பு நண்பனிடம் கொடுத்திருந்தான், அவன் கையில் பிடிபட்டது. நண்பன் பெயர் சொல்லவில்லை. மூன்று நாள் இடைநீக்கம் வாங்கிக்கொண்டான். கூட்டத்தில் ஒரு மாமா எழுந்து, "இந்த மாதிரிப் பிள்ளைங்கள ஸ்கூல விட்டே அனுப்பணும்" என்றபோது பலர் கை தட்டினார்கள். அந்தப் பையனின் அம்மா கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு உண்மை தெரியும். நான் எழுந்திருக்கவில்லை.

அன்றிரவு சித்தி வீட்டில் சொன்னேன். முதலில் தம்பியைப் பற்றிச் சொல்லவில்லை, என்னைப் பற்றிச் சொன்னேன். சித்தி கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நீ படிச்சவ. ஒன்ன பார்த்துதான் அவன் வளர்றான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். அதற்கு அவர் நாலு அறை கொடுத்திருக்கலாம்.

தம்பி ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தானாகச் சொன்னான். முதலில் ஒரு சீனியர் ஒரு இழுப்பு 50 சென்னுக்குக் கொடுத்தானாம். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, 25 ரிங்கிட். சித்தி தினம் கொடுக்கும் ஐந்து ரிங்கிட்டில் பாதி அதற்குப் போனது. பாதி நாள் ரீசெஸில் சாப்பிடவில்லை. பள்ளி நாட்களை மட்டும் கணக்கிட்டாலே வருஷத்துக்குச் சுமார் 500 ரிங்கிட். "நிறுத்தணும்னு ரெண்டு தடவ பார்த்தேன்க்கா, முடியல" என்றான். அவனைக் கெட்ட பிள்ளை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. மாட்டிக்கொண்ட பிள்ளை.

மறுநாள் மூன்று பேரும் கட்டொழுங்கு ஆசிரியரைப் பார்க்கப் போனோம். வேப் யாருடையது என்று தம்பி சொன்னான், பழுது பார்த்தது யார் என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "அந்தப் பையன் வீட்டுக்கும் போயிட்டு வாங்க" என்றார். போனோம். அந்த அம்மா எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். அதைக் குடிப்பது சுலபமாக இல்லை.

திருக்குறளில் ஒன்றை இப்போதுதான் கவனித்தேன். 'கள்ளுண்ணாமை' 93-ஆவது அதிகாரம். அது அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது. அடுத்தது சூது, அதற்கடுத்தது மருந்து. எனக்குப் பட்டது இது: போதையைப் பாவக் கணக்கில் மட்டும் வைக்காமல், மனிதன் எதை எதை இழக்கிறான் என்ற கணக்கிலும் வைக்கலாம். நம் பிள்ளைகளிடமும் அப்படிப் பேசிப் பார்ப்போமே.

ஆறாம் பாகம்: விடுமுறை ஒரு வாய்ப்பு

நிக்கோட்டினை நிறுத்தினால் முதல் மூன்று நாள்தான் மிகக் கடினம். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலான தொல்லைகள் அடங்கும். பள்ளிக் கழிப்பறை இல்லை, சீனியர் இல்லை, ரீசெஸ் காசு இல்லை. ஆகவே நிறுத்த நினைப்பவருக்கு விடுமுறையைவிட நல்ல காலம் கிடையாது.

நாங்கள் செய்தவை இவை. முதல் மூன்று நாள் அவன் எங்கள் வீட்டில் தங்கினான். ஏக்கம் அலை மாதிரி வரும், பெரும்பாலும் ஐந்து நிமிஷத்துக்குள் இறங்கிவிடும். அலை வந்தால் தண்ணீர் குடிப்பது, முகாமில் கற்ற மூச்சுப் பயிற்சியை மெதுவாகப் பத்து முறை செய்வது, அப்புறமும் முடியாவிட்டால் பந்தை எடுத்துக்கொண்டு பாடாங்குக்குப் போவது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் புகைப்பதை நிறுத்த உதவும் சேவை உண்டு, அங்கேயும் கூட்டிப்போனோம். பள்ளிக்கு வரும் பல் மருத்துவக் குழுவின் 'கோத்தாக்' திட்டமும் பள்ளி ஆலோசக ஆசிரியரும் இதற்காகவே இருக்கிறார்கள். கேட்பதில் வெட்கமில்லை.

ஆறாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் சறுக்கினான். வந்து அவனே சொன்னான். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினோம். இதை எழுதும் இன்று பத்தாவது நாள். முழுதாக விட்டுவிட்டான் என்று எழுத எனக்குத் தைரியமில்லை. "எழுதுங்க, ஆனா பேர் போடாதீங்க" என்றான். போடவில்லை.

உங்கள் கிளைக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நண்பன் கையில் வேப் இருப்பது உங்களுக்குத் தெரியும். யாரிடம், எப்படிச் சொல்வீர்கள்? சொல்லாமல் இருந்தால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

2. பிடிபட்ட மாணவனைப் பள்ளியைவிட்டு அனுப்பினால் பழக்கம் நிற்குமா? விற்ற சீனியர் என்ன ஆவான்?

3. உங்கள் தாமானில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கும் கடை இருந்தால், சட்டம் 852-ஐக் கொண்டு கிளை என்ன செய்யலாம்?

4. அண்ணன்மார், அக்காமார் மட்டும் பதில் சொல்லவும்: 'சின்ன உதவிதானே' என்று நீங்கள் பற்றவைத்துக் கொடுத்த கம்பி எது?

அடுத்த தவணை தொடங்கும் முன் இதை ஒரு முறையாவது பேசிவிடுங்கள். டின்னில் இன்னும் இடமிருக்கிறது.